முன்பே இருக்கும் நோய்

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் விசாவுக்காகச் சேர்க்கும் காகிதங்களில் யாருமே படிக்காத ஒன்று உண்டு. பயணக் காப்பீடு. வங்கிக் கணக்கு விவரத்தை நான்கு முறை சரிபார்ப்போம், புகைப்படத்தின் அளவை ஸ்கேல் வைத்து அளப்போம். இன்சூரன்ஸை மட்டும் ‘எது சீப்போ அதைப் போடு’ என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவோம்.

ஷெங்கன் நாடுகள் கேட்பது குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. அவசர சிகிச்சை, நோயாளியைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு, இறந்துவிட்டால் அதற்கான செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். 2009இல் வந்த விசா சட்டத்தொகுப்பின் 15ஆவது பிரிவு இது. நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும்: இது நம் நலனை நினைத்து எழுதியது இல்லை. நாம் அங்கே போய் விழுந்துவிட்டால் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது என்ற கவலையில் எழுதியது. நம்மிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள அவர்கள் எடுக்கிற காப்பீடு, பிரீமியம் மட்டும் நம் பாக்கெட்டிலிருந்து. இதில் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது, வீட்டுக்காரர் வைக்கிற நிபந்தனை, அவ்வளவுதான். ஆனால் ‘விசாவுக்காக வாங்குகிற காகிதம்’ என்று மனதில் பதிந்துவிட்டதால், அந்தப் படிவத்தில் நாம் எழுதுகிற பதில்களும் விசா அதிகாரிக்குச் சொல்கிற பதில்களாக ஆகிவிடுகின்றன. ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டால் போதும், சொன்னது மறந்துபோகும்.

அந்தப் பதில்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ‘உங்களுக்கு முன்பே இருக்கும் நோய் ஏதேனும் உண்டா? ஆம் / இல்லை.’

போன வருடம் அப்பா அம்மாவை சுவிட்சர்லாந்துக்கும் பாரிசுக்கும் கூட்டிப் போகத் திட்டம் போட்டோம். பன்னிரண்டு நாள். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை, காலையும் ராத்திரியும் மாத்திரை. அம்மா எந்த மாத்திரையும் போடுவதில்லை. நான் லேப்டாப்பில் படிவத்தை நிரப்பி, அப்பாவுக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்தேன். பட்டியலில் இருந்த பாதித் திட்டங்கள் காணாமல் போயின, மிச்சம் இருந்தவற்றின் விலை ஏறியது. பின்னாலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

“இதையெல்லாம் ஏன்டா போடுற? பன்னெண்டு நாளுக்குள்ள எனக்கு என்ன ஆயிடப் போகுது? இல்லைன்னு போடு.”

“பொய் சொன்னா நாளைக்கு க்ளெய்ம் கிடைக்காதுப்பா.”

“உண்மையைச் சொன்னா மட்டும் கொடுத்துடுவானா?”

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. மளிகைக் கடையில் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போடுவது ஏன் பொய்யாகவே தோன்றவில்லை? இதை அவருடைய பலவீனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நமக்குத் தெரிந்த நேர்மையான மனிதர்களில் எத்தனையோ பேர் இந்த ஒரு இடத்தில் மட்டும் சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறார்கள். ஏஜென்ட்டே ‘சார், அதெல்லாம் நோன்னு போட்டுடுங்க’ என்பார். அத்தனை பேரும் சேர்ந்து செய்கிற காரியத்தில் ஏதோ ஒரு நியாயம் இருக்க வேண்டும், அல்லது நியாயம் மாதிரி தெரிகிற ஒன்றாவது.

அப்பாவின் தரப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, இந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டு, எதிரில் இருக்கிறவன் நமக்கு உண்மையாக இருக்கப் போவதில்லை, அதனால் நாம் மட்டும் ஏன் இருக்க வேண்டும். முதலாவதற்கு அவர் வள்ளுவரையே துணைக்குக் கூப்பிட்டார். வாய்மை அதிகாரத்தில் பொய்க்கும் ஒரு இடம் கொடுக்கப்பட்டிருப்பதைத் தமிழ் படித்த எல்லோரும் வசதியாக ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் அங்கே போட்டிருக்கும் நிபந்தனை கடுமையானது. விளையும் நன்மையில் குற்றம் ஒரு துளி கலந்திருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது.

கலந்திருக்கிறதா? கம்பெனியின் பணம் கம்பெனியின் பணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். நம்மைப் போல ஆயிரம் பேர் போட்ட பிரீமியம் அது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது என்றே பலரும் சொல்வார்கள். அதே கட்டுரையில், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்ற கேள்வியையும் அவர் எடுத்துக்கொள்கிறார். யாருக்கு என்ன நோய் என்று கம்பெனிக்குத் தெரியாது, வாங்குகிறவருக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே விலை வைத்தால் நோய் உள்ளவர்கள் வந்து சேர்வார்கள், ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள். விலகியதால் விலை ஏறும், ஏறியதால் இன்னும் கொஞ்சம் பேர் விலகுவார்கள். கடைசியில் அந்த வயதுக்காரர்களுக்கு விற்கவே ஆள் இருக்காது. அதாவது அப்பா போடும் ‘இல்லை’யின் விலையைக் கொடுப்பது கம்பெனி முதலாளி இல்லை; அப்பாவைப் போலவே சர்க்கரையோடு அடுத்த வருடம் பாரிசுக்குப் போக ஆசைப்படும் இன்னொரு ஓய்வூதியக்காரர்.

இது சரியான வாதம். ஆனால் மனதில் ஒட்டாத வாதம். பிரீமியத்தில் ஒரு பங்கு டிக்கெட் விற்கிற தளத்துக்குக் கமிஷனாகப் போகிறது, ஒரு பங்கு விளம்பரத்துக்கு, ஒரு பங்கு லாபம். அதையெல்லாம் விட்டுவிட்டு ‘நீ பொதுப் பணத்தைத் திருடுகிறாய்’ என்று அப்பாவிடம் மட்டும் சொன்னால் அவர் சிரிப்பார். சிரிக்க அவருக்கு உரிமையும் உண்டு.

இரண்டாவது வாதத்துக்கு வருவோம். காப்பீட்டுச் சட்டத்தில் ஒரு தனிக் கோட்பாடு இருக்கிறது: உச்ச நன்னம்பிக்கை. கத்தரிக்காய் விற்கிறவர், வாங்குகிறவர் கேட்காததையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. காப்பீடு வாங்குகிறவர் சொல்ல வேண்டும். இதற்கு மூல வழக்கு என்று எல்லோரும் காட்டுவது 1766இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்த கார்ட்டர் – போம் வழக்கு. சுமத்ரா தீவில் பென்கூலன் என்ற ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், எதிரி நாட்டவர் வந்து பிடித்துவிட்டால் தனக்கு நஷ்டஈடு வேண்டும் என்று லண்டனில் காப்பீடு எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்துவிட்டார்கள். காப்பீடு கொடுத்த போம், ‘அந்தக் கோட்டை ஐரோப்பியப் படையைத் தாங்கும் நிலையிலேயே இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும் என்பதும் இவருக்குத் தெரியும், என்னிடம் மறைத்துவிட்டார்’ என்றார்.

தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்ற கோட்பாட்டை மான்ஸ்ஃபீல்ட் மிகத் தெளிவாக எடுத்துச் சொன்னார். அதனால்தான் அது மூல வழக்கு. ஆனால் வழக்கில் ஜெயித்தது யார் தெரியுமா? கார்ட்டர். கேட்டுத் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கேட்காமல், விவரம் புரிந்தே பணத்தை வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்ததும் ‘நீ சொல்லவில்லை’ என்பது நியாயம் இல்லை என்பது தீர்ப்பு. நன்னம்பிக்கை இரண்டு பக்கத்தையும் கட்டும் என்று சொன்ன வழக்கு, பின்னால் வந்த காலங்களில் வாங்குகிறவனை மட்டும் கட்டிப்போடுகிற கயிறாகவே பெரும்பாலும் பயன்பட்டது. பிரிட்டனில் சாதாரண நுகர்வோர் தானாக எல்லாவற்றையும் முன்வந்து சொல்ல வேண்டியதில்லை, கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும் என்று சட்டம் வர 2012 ஆனது. இருநூற்று நாற்பத்தாறு வருடம். ‘உண்மையைச் சொன்னா மட்டும் கொடுத்துடுவானா’ என்று அப்பா கேட்டபோது அந்தக் கேள்விக்கு அவ்வளவு வயது இருந்தது அவருக்குத் தெரியாது.

அதே மான்ஸ்ஃபீல்ட் முன் 1783இல் இன்னொரு காப்பீட்டு வழக்கு வந்தது. ‘ஸாங்’ என்ற கப்பல், 1781இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போகும் வழியில் 130க்கும் அதிகமான மனிதர்களை உயிரோடு கடலில் வீசியது. குடிதண்ணீர் பற்றவில்லை என்று காரணம் சொன்னார்கள். கப்பல் முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு வீதம் காப்பீடு கேட்டார்கள். அன்றைய வழக்கப்படி அடிமை நோயில் இறந்தால் பணம் கிடையாது, அது இயற்கை மரணம். கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் வீசினால் பணம் உண்டு. பாலிசியில் உள்ள ஒரு வரி, உயிரோடு இருக்கும் நோயாளியைவிடக் கடலில் வீசப்பட்டவனுக்கு அதிக விலை வைத்துவிட்டது. ஜூரி முதலாளிகள் பக்கம் நின்றது. பிறகு, மழை பெய்த பின்னும் வீசினார்கள் என்ற விவரம் வெளிவந்து, மறு விசாரணைக்கு உத்தரவானது. கொலைக் குற்றத்துக்காக யார் மீதும் வழக்கு நடக்கவில்லை.

பயணக் காப்பீடு பற்றிய கட்டுரையில் இதை இழுத்து வருவது அதிகம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நீதிமன்றத்தில் நடந்த வாதம் முழுக்க இரண்டு தரப்புக்கு நடுவில் இருந்த ஒப்பந்தம் பற்றியது, வீசப்பட்டவர்கள் எந்தத் தரப்பும் இல்லை. உச்ச நன்னம்பிக்கை என்பது ஒப்பந்தத்துக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய மரியாதை. அதை அறம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் ‘கம்பெனியிடம் உண்மை சொல்வது தர்மம்’ என்று அப்பாவிடம் நான் வாதாடப் போவதில்லை. தர்மம் என்று நான் நினைப்பது வேறு இடத்தில் இருக்கிறது.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன யாருடனாவது துணைக்கு இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ட்யூட்டி டாக்டர் வந்து, ‘சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?’ என்று கேட்பார். நோயாளி வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கிற மகனோ மருமகனோ முந்திக்கொண்டு, ‘சார், பத்து வருஷம்னு எழுதிடாதீங்க, இன்சூரன்ஸ் இருக்கு’ என்பார். ஏனென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் வருகிற அந்த ஒரு வரியைத்தான் கம்பெனி முதலில் தேடும். சில டாக்டர்கள் திட்டுவார்கள், சிலர் புரிந்துகொண்டதுபோலத் தலையாட்டுவார்கள். படுத்திருப்பவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படிவத்தில் அடித்த டிக் அங்கே வந்து நிற்கிறது. லேப்டாப்பில் அது கம்பெனிக்குச் சொன்ன பொய். கட்டிலுக்குப் பக்கத்தில் அது டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பொய். ஜெனீவாவிலோ பாரிசிலோ, மொழி தெரியாத ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில், அப்பா மயங்கி விழுந்து கண் விழிக்கும்போது ஒரு நர்ஸ் அவரிடம் ‘டயாபட்டிக்?’ என்று கேட்டால், அவர் ஒரு விநாடி என் முகத்தைப் பார்ப்பார். என்ன சொல்ல வேண்டும் என்று. அந்த ஒரு விநாடியை நான்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன், சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து. படிவத்தை நிரப்புகிறவன் நான். அந்தப் பொய்யை உடம்பில் சுமக்கிறவர் அவர். இந்த வாதத்தில் அக்கர்லாஃபும் வேண்டாம், மான்ஸ்ஃபீல்டும் வேண்டாம். இதைச் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சரி, போட்டுக்கோ” என்றார்.

ஆனால் அவர் சமாதானம் ஆகவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் வேறொன்று பிடிபட்டது. அப்பாவுக்கு ஆபத்தில் உதவி என்றால் மொய் நோட்டுதான். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு மட்டும் இல்லை. யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஆபீசில் ஒரு பேப்பர் சுற்றிவரும், ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டித் தொழில் தொடங்குகிறவர்கள் இன்றும் உண்டு. வந்தது, போனது எல்லாம் நோட்டில் இருக்கும், திருப்பிச் செய்தாக வேண்டும். சுருங்கச் சொன்னால் காப்பீடுதான். ஒரே ஒரு வித்தியாசம், ‘இந்த நோய் உனக்கு முன்பே இருந்ததா?’ என்று மொய் எழுதுகிற யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது அசிங்கம். கஷ்டம் வந்திருக்கிறது, கொடுக்கிறோம். அந்த உலகத்திலிருந்து வருகிறவருக்கு இந்தப் படிவத்தின் கேள்வியே ஒரு மரியாதைக் குறைவு. மரியாதையில்லாத கேள்விக்குப் பொய்ப் பதில் சொன்னால் தப்பில்லை என்று அவர் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் மொய்யை உயர்த்திக் கம்பெனியைத் திட்டும் இனிமையான கட்டுரையாகிவிடும். நம் பத்திரிகைகளில் அதற்குக் குறைவில்லை. ஆனால் மொய் நோட்டிலும் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது, அச்சடித்துத் தருவதில்லை, அவ்வளவுதான். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு யார் மொய் எழுதுவார்கள்? ஊரை விட்டுப் போனவனுக்கு? சொந்தங்களே ஏழைகளாக இருப்பவனுக்கு எவ்வளவு சேரும்? முகம் தெரியாதவர்கள் சேர்ந்து முகம் தெரியாத ஒருவனுக்குக் கொடுக்கிற ஏற்பாடு என்பதுதான் இன்சூரன்ஸின் பெரிய அழகு. அங்கே நான் யாருடைய மகன் என்று கேட்பதில்லை. அதற்குப் பதிலாக என் உடம்பைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியில் எது அதிக அவமானம் என்பது யார் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இணையத்தில் இப்போது புது மாதிரி மொய் ஒன்று நடக்கிறது. தாய்லாந்திலோ பாலியிலோ ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தவருக்காக நண்பர்கள் நிதி திரட்டுகிற பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். கீழே முதல் பத்துப் பின்னூட்டத்துக்குள் ஒருவர் வந்துவிடுவார்: ‘இன்சூரன்ஸ் எடுக்காம ஏன் போனான்?’ இந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பான தத்துவப் பரம்பரை உண்டு. ரொனால்ட் ட்வொர்கின் 1981இல் அதிர்ஷ்டத்தை இரண்டாகப் பிரித்தார். வானத்திலிருந்து எரிகல் தலையில் விழுவது ஒருவகை, தெரிந்தே சூதாடித் தோற்பது இன்னொரு வகை. முதல் வகைக்குச் சமூகம் ஈடு செய்ய வேண்டும், இரண்டாவது உன் பாடு. இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவது காப்பீடு என்றார். இருவருக்கும் பார்வை போகும் வாய்ப்பு ஒரே அளவு, இருவருக்கும் காப்பீடு எடுக்கும் வாய்ப்பும் ஒரே அளவு, ஒருவர் எடுத்தார், மற்றவர் எடுக்கவில்லை என்றால், பின்னால் அவர்களுக்குள் வரும் வித்தியாசம் அவர்களே தேர்ந்தெடுத்தது.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. 1999இல் எலிசபெத் ஆண்டர்சன் இதைப் பிடித்து உலுக்கினார். காப்பீடு எடுக்காத ஒருவன் தன் தப்பாலேயே விபத்தில் சிக்கி ரோட்டில் கிடக்கிறான். இந்தத் தத்துவத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிற ஆம்புலன்ஸ்காரர்கள் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? சமத்துவத்தின் பெயரால் தொடங்கி இங்கே வந்து சேர்ந்தால் வழியில் எங்கேயோ கோளாறு என்பது அவர் வாதம். நான் ஆண்டர்சன் பக்கம். ஆனால் ட்வொர்கினை முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. டிக்கெட் போடுகிற நண்பனிடம் ‘ஏன்டா இன்சூரன்ஸ் எடுக்கலை’ என்று கேட்பது அக்கறை. ஐசியூவில் கிடப்பவனிடம் அதே வார்த்தைகள் வேறொன்றாகிவிடுகின்றன. அதோடு, எல்லோருக்கும் எடுக்கும் வாய்ப்பு உண்டு என்பதே பாதி உண்மைதான். உள்ளூர் உதாரணம் போதும்: ஐஆர்சிடிசியில் ரிசர்வேஷன் செய்யும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான பணத்தில் பத்து லட்சம் வரை விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. அதே ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் நசுங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்த டிக் அடிக்கும் கட்டமே வருவதில்லை. அவர் தேர்ந்தெடுக்காமல் விட்டார் என்று எப்படிச் சொல்வது?

சரி, எதைத்தான் எடுப்பது? இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு இதையும் சொல்லிவிட வேண்டும். 1738இல் டேனியல் பெர்னூலி ஒரு கணக்குப் போட்டார். பீட்டர்ஸ்பர்க் வியாபாரி ஒருவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறார், ஊர் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கலாம். நூறு கப்பலில் ஐந்து மூழ்கும். காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள். சராசரி நஷ்டம் 500தான், ஆக 300 கூடுதல். வாங்கலாமா? கையில் வேறு சொத்து 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால் வாங்கு, அதிகமாக இருந்தால் வேண்டாம் என்பது அவர் விடை. பொறியாளனாக எனக்கு மிகவும் பிடித்த விடை இது. ஒரே பாலிசி ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு வீண். நம்மை அழித்துவிடக் கூடிய நஷ்டத்துக்கு மட்டும் காப்பீடு, பல்லைக் கடித்துத் தாங்கிவிடக் கூடியதற்கு வேண்டாம்.

இதை வைத்துப் பார்த்தால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற பெட்டி தாமதம், விமானத் தாமதம் எல்லாம் இரண்டாம்பட்சம். பெட்டி வராவிட்டால் இரண்டு சட்டை வாங்கிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது சின்ன எழுத்து. மருத்துவத் தொகை எவ்வளவு என்பதோடு, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை என்று தனித்தனி உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பல இந்தியப் பாலிசிகளில் இருக்கும். மேலே லட்சம் டாலர் என்று போட்டுக் கீழே கையைக் கட்டியிருப்பார்கள். முன்பே இருக்கும் நோயை முழுக்க விலக்குகிறார்களா, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஏற்கிறார்களா, முழுக்க ஏற்கிறார்களா என்பது மூன்று வெவ்வேறு பாலிசி, பெயர் ஒன்றுபோல இருந்தாலும். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும்? அதைப் போனில் மட்டும் வைக்காமல் பர்சிலும் எழுதி வையுங்கள், விழுகிறவர்களோடு போனும் விழும். பாங்காக்கில் ஸ்கூட்டர் எடுக்கிற எண்ணம் இருந்தால், அங்கே செல்லுபடியாகும் இருசக்கர உரிமம் இல்லாமல் ஓட்டினாலோ, ஒரு பீர் குடித்துவிட்டு ஓட்டினாலோ எவ்வளவு பெரிய பாலிசியும் வெறும் காகிதம். கம்பெனி கொடுமைக்காரன் என்பதால் இல்லை, அதைத் தெளிவாக எழுதித்தான் விற்கிறார்கள்.

அப்பாவின் கதை இப்படி முடிந்தது. அம்மாவின் படிவம் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் இப்போதைய வரையறைப்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்ததோ, சிகிச்சை கொடுத்ததோ, பரிந்துரைத்ததோதான் முன்பே இருக்கும் நோய். உடம்பில் இருந்தால் போதாது, டாக்டர் பார்த்திருக்க வேண்டும். அம்மா டாக்டரைப் பார்த்தே பல வருடம். கால் வலி என்றால் தைலம், தலைசுற்றல் என்றால் ‘காலைல சாப்பிடாம வேலை பார்த்தேன், அதான்’. அப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்குக் கூட்டிப்போய் ரிசல்ட் வாங்கி ஃபைலில் அடுக்கி வைக்கிறவர் அவர்தான். அந்த ஃபைலில் அவர் பெயரில் ஒரு தாள் கிடையாது. காகிதப்படி எங்கள் வீட்டிலேயே ஆரோக்கியமானவர் தன்னைக் கவனித்துக்கொள்ளாத அம்மா. எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ போடலாம், ஒன்றுகூடப் பொய்யில்லை. பிரீமியமும் குறைவு.

டெஸ்ட் எடுத்தால் ஏதாவது தெரியவரும். தெரிந்தால் சொல்லியாக வேண்டும். எடுக்காமல் விட்டால் ‘இல்லை’ என்பது முழு உண்மை, சட்டமும் நம் பக்கம். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குப் பரிசு கொடுக்கிற ஏற்பாடு இது. அந்தப் பரிசை இத்தனை வருடமும் அம்மா வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார், இன்சூரன்ஸ் என்று ஒன்று வீட்டுக்குள் வருவதற்கு முன்பிருந்தே. மறைப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு என்று சட்டம் சொல்லலாம். படிவம் திறந்திருந்த அந்த ராத்திரி எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் லேபுக்குக் கூட்டிப் போனேன். “ஊருக்குப் போறதுக்கு இதெல்லாம் கேக்குறாங்களா?” என்றார். கேட்பதில்லை என்றேன். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. மூன்று மாதச் சராசரி 6.9. எல்லை 6.5. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், பயணம் போகலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

அம்மா அந்தத் தாளை வாங்கி, தன் பெயர் சரியாக அடித்திருக்கிறதா என்று பார்த்தார். அப்பாவின் ஃபைலைத் திறந்து கடைசியில் வைத்தார். பிறகு என்னிடம், “அப்போ எனக்கும் ‘ஆம்’தானா? அதுக்கு எவ்வளவு கூட?” என்று கேட்டார்.